அட்லாண்டாவின் மூன்றாம் வளையமும் கவுன்ட்டிக் காக்காவும்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் நீண்டு கிடக்கிற எங்கள் கரையில், அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்துக்கு வடக்கே இருக்கும் புறநகர்கள் எந்தக் கட்சிப் பக்கம் சாயும் என்ற கவலையில் பிரஷர் குளிசை போட்டவர் ஒரே ஒருவர்தான். அந்தக் குளிசையை விற்றவன் நான். ஆகவே இதை யாரும் மறுக்க வரவேண்டாம்.

அவருக்கு உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தேசிய அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அது பாவனையில் இருக்கவில்லை. ஊருக்கு அவர் கவுன்ட்டிக் காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். கவுன்ட்டி என்றால் அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும் இருக்கும் சின்ன நிர்வாகப் பிரிவாம். நம்முடைய பிரதேச செயலகப் பிரிவு மாதிரி. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரு பிறப்புச் சான்றிதழைக் கொப்பி எடுக்கப் போய், முக்கால் மணித்தியாலம் நின்று கற்றுக்கொண்டது.

சாய்ந்தமருது மெயின் வீதியில் என் பாமசியும் அவருடைய போட்டோக் கொப்பிக் கடையும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நின்றன. கடையில் இரண்டு மெஷின். ஒன்று வேலை செய்யும், மற்றது அதற்குத் துணைக்கு நிற்கும். மற்றக் கடைக்காரர்கள் நாட்காட்டி மாட்டுகிற சுவரில் இவர் பெரிய தாள்களை ஒட்டி ஒட்டி முழு அமெரிக்காவையும் ஏற்றியிருந்தார். ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ஒரு நிறம். அங்கே பெரிய கட்சி இரண்டுதான். ஒன்றுக்கு நீலம், மற்றதுக்குச் சிவப்பு. எல்லாம் அவர் கையாலேயே நிறப்பென்சிலால் தீட்டியது. விசிறி போட்டால் கலிபோர்னியா கழன்று விழும் என்று ஓகஸ்ட் வெயிலிலும் விசிறி போடமாட்டார்.

"அடையாள அட்டைக்கு ரெண்டு கொப்பி அடிங்க காக்கா" என்று யாராவது வந்து நிற்பார்கள்.

"அடிக்கிறன். அதுக்கு முதல் இதப் பாருங்க. நடுவுல நீலமாக் கிடக்கிற, அதான் நகரம். எந்த நகரத்த எடுத்தாலும் நடு நீலம்தான். ஹூஸ்டனப் பாருங்க, நீலம். பிலடெல்பியாவப் பாருங்க, நீலம். வெளியில போகப் போகச் சிவக்கும். வயல், காடு, மாட்டுப் பட்டி எல்லாம் சிவப்பு. இடையில கிடக்கிற வளையம் இரிக்கே, புறநகர், அதுதான் நாட்ட ஆள்றது ஆரெண்டு தீர்மானிக்கிற."

"பஸ் போகப் போகுது காக்கா."

"பஸ் போனா அடுத்த பஸ் வரும். அட்லாண்டாவுல முதலாம் வளையம் முந்திச் சிவப்பு, இப்ப நீலம். ரெண்டாம் வளையம் நிறம் மாறிட்டு வருது. மூணாம் வளையம்தான் இன்னும் அசையல்ல."

வந்தவர் இதற்குத் தலையாட்டினால்தான் மெஷினில் விளக்கு எரியும். தெரிந்தவர்கள் கடைக்குள் ஏறும்போதே "ஓம் காக்கா, மூணாம் வளையம் இன்னும் அசையல்லத்தான்" என்று சொல்லிக்கொண்டே அட்டையை நீட்டுவார்கள். அவர்களுக்கு உடனே வேலை நடக்கும்.

பாண்டிருப்பிலிருந்து ஒரு பழைய தோழர் மே தின நோட்டீசைக் கொப்பி எடுக்க வருவார். தலை நரைத்த மனிதர், அறுபது வருடமாகச் சிவப்புக் கொடி பிடித்தவர். முதல் தடவை சுவரைப் பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டார். நாட்டின் நடுப்பகுதி முழுக்கச் செக்கச் செவேலென்று கிடந்தது.

"என்னப்பா இது, அமெரிக்காவே சிவந்திட்டுதா?" என்றார். கிட்டப் போய்ச் சுவரைத் தடவினார்.

காக்காவுக்கு உண்மையை மறைக்கத் தெரியாது. "தோழர், இருங்க, தண்ணி குடிங்க" என்று கதிரையைப் போட்டு உட்காரவைத்து, அங்கே சிவப்பு என்பது முதலாளிமார் பக்கம் நிற்கிற கட்சியின் நிறம் என்று மெதுவாகச் சொன்னார். தோழர் தண்ணீரைக் குடித்தார், நோட்டீசை மடித்தார், கொப்பி எடுக்காமலே போனார். அதற்குப் பிறகு இரண்டு மே தினத்துக்கு அவர் கல்முனைக்குள் வேறு கடைக்குத்தான் போனார்.

இன்னொரு முறை ஒரு பெண்ணின் காணி விண்ணப்பத்தை, ஒரு பக்கம் பாவித்த தாளில் கொப்பி அடித்துக் கொடுத்துவிட்டார். பின்பக்கத்தில் ஜோர்ஜியா மாநிலம் நிறம் நிறமாக இருந்ததை அந்தப் பெண் கவனிக்கவில்லை. கந்தோரில் இருந்த உத்தியோகத்தர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் உங்கள் காணி எந்த மூலையில் என்று கேட்டிருக்கிறார். அவள் கந்தோரிலிருந்து நேரே கடைக்கு வந்தாள். நான் என் கவுண்டரில் நின்றபடியே கேட்டேன்.

"காக்கா, எண்ட மூணு பேர்ச் காணிய நீங்க அமெரிக்காவோட சேத்துட்டீங்களா?"

"பிழைதான் மகள், பொறுத்துக்கங்க. புதுத் தாள்ல அடிச்சித் தாறன்" என்றவர், அடித்துக் கொடுத்துவிட்டு, "பழைய தாளத் தந்துட்டுப் போங்க, அது ரெண்டாம் வளையம்" என்றார்.

உள்ளூராட்சித் தேர்தல் வந்தால் காக்காவுக்கு மவுசு கூடும். ஒரு வேட்பாளர் நோட்டீஸ் அடிக்க வந்து, தன் நிலைமை எப்படி என்று கேட்டார். காக்கா அவருடைய நோட்டீசின் பின்புறத்திலேயே வட்டம் வட்டமாகக் கீறி விளங்கப்படுத்தினார்.

"உங்கட பிரச்சின நடு நகரமில்ல. ரெண்டாம் வளையத்துல நீங்க வேல செய்யல்ல."

"ரெண்டாம் வளையத்துல எனக்கு மாமிட ஊடு மட்டும்தான் காக்கா இரிக்கி."

"அப்ப மாமிட்டப் போய்க் கதைங்க."

அவர் போகவில்லை, தோற்றார். மாமி வீட்டு வாக்கும் கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். எங்கள் கரையில் வாக்கு என்பது அப்படித்தான். ஊர் ஒரு பக்கம் நின்றால் ஊரோடு நிற்கும். வட்டாரம் ஒரு பக்கம் போனால் தட்டுமுட்டுச் சாமானோடு போகும். எந்தச் சந்தில், எந்த ஒழுங்கையில் யாருக்கு விழும் என்பது பெட்டியைத் திறக்க முன்பே எல்லோருக்கும் தெரியும். காக்கா அமெரிக்காவையும் இந்தக் கண்ணால்தான் பார்த்தார். ஒரு கவுன்ட்டி சிவப்பு என்றால், அங்கே மரம் மட்டை, கோழி குஞ்சு எல்லாம் சிவப்பு என்றுதான் அவர் கணக்கு.

அங்கே தேர்தல் நடந்தால் முடிவு வருவது நமக்குப் பகலில். அன்றைக்குக் காக்கா சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கடையைத் திறந்து கொம்பியூட்டர் முன் குந்திவிடுவார். ஒரு தடவை பத்து மணி போல என்னிடம் வந்து கையை நீட்டினார். பிரஷர் பார்த்தேன். எனக்கே பயம் வந்தது.

"காக்கா, உங்களுக்கு என்ன வருத்தம்? அமெரிக்காவுல உங்களுக்கு வோட்டா இரிக்கி?" என்று கேட்டேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன். கடையில் ஆட்கள் நின்றார்கள், அவர்கள் சிரிக்கட்டும் என்பதும் எனக்குள் இருந்தது.

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"வோட் இல்ல தம்பி. மகள் இரிக்கா."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் நிற்கவே வெட்கமாக இருந்தது.

இனி நான் சொல்லப்போவதற்கு எங்கள் வழக்கம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கரையில் மகளுக்கு வீடு கொடுப்பது வாப்பாவின் கடமை. கல்யாணம் முடித்த மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இரண்டு மகள் என்றால் இரண்டு வீடு கட்டவேண்டும். அதனால் இங்கே ஒரு வாப்பா தன் வாழ்நாளில் எடுக்கும் பெரிய முடிவு, மகளுக்கு வளவு எந்த இடத்தில் என்பதுதான். அதைப் பிழையாக எடுத்தவனை ஊர் மன்னித்தாலும் அவன் தன்னை மன்னிப்பது கஷ்டம்.

காக்காவுக்கு இரண்டு மகள். மூத்தவளுக்கு வளவு பார்த்தபோது அவர் மூன்று மாதம் விசாரித்தார். ஒழுங்கையில் யார் யார் இருக்கிறார்கள், எந்தத் தாய்வழிக் குடி, பள்ளிவாசல் எத்தனை எட்டு, பிள்ளை அழுதால் முதலில் எந்த வீட்டு ஆள் ஓடி வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியான பதில் கிடைத்த ஒரு வளவு அமைந்தது. வலப்பக்கம் சாச்சி, இடப்பக்கம் மாமி, எதிரே பெரியம்மாவின் மகள். சுற்றிவரச் சொந்தம். கிழக்கே கொஞ்சம் நடந்தால் கடல். காற்றுக்குக் குறைவில்லை என்று அவரே எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தார்.

அந்த டிசம்பர் ஞாயிறு காலையில் கடல் வந்தது. மாப்பிள்ளை சம்மாந்துறைப் பக்கம் வயலில் நின்றதால் தப்பினார். மூத்தவள் வீட்டில் இருந்தாள். அந்த ஒழுங்கையே இல்லாமல் போனது. அவளுடைய உடலை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

எங்கள் ஊரில் இப்படி இழக்காத வீடு குறைவு. ஆகவே நாங்கள் இதைப் பெரிதாகக் கதைப்பதில்லை. காக்காவும் கதைக்கவில்லை. இளையவளுக்கு மேற்கே, வயல் பக்கமாக ஒரு வீடு கட்டினார். அதற்கு அத்திவாரம் மட்டும் ஆள் உயரம். படி ஏறி ஏறி மூச்சு வாங்கியவர்கள், "காக்கா கோட்ட கட்டுறார்" என்று பகிடி பண்ணினோம். நானும் பண்ணினேன்.

இளையவள் நஸ்மியாவுக்குக் கல்யாணம் நடந்து, மாப்பிள்ளையும் அந்த வீட்டுக்கு வந்தார். பிறகு அமெரிக்க விசாக் குலுக்கலுக்கு ஊரே விண்ணப்பித்தது. கடையில் கொம்பியூட்டர் இருந்ததால் எல்லோருக்கும் நிரப்பி அனுப்பியவர் காக்காதான். நூறு பேருக்குச் செய்தார், அதில் விழுந்தது ஒன்று. அது அவருடைய மருமகனுக்கு.

"நானே எண்ட கையால அனுப்பினன் தம்பி" என்று அதற்குப் பிறகு என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அவர்கள் அட்லாண்டாவுக்குப் போன மாதம்தான் சுவரில் முதல் தாள் ஏறியது. முக்காடு போட்டுக்கொண்டு தன் மகள் நடக்கிற தெருவில் இருக்கிற ஆட்கள் யார் என்று தெரியவேண்டும். வேறு யாரிடம் விசாரிப்பது? சாச்சியும் மாமியும் அங்கே இல்லை. வாக்கு விவரம்தான் இருந்தது. அவருடைய பொஞ்சாதி, நாங்கள் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிறவர், என்னிடம் ஒரு நாள் சொன்னார்: "மத்த ஆக்களுக்குத் தஸ்பீஹ் மணி, உங்கட காக்காவுக்கு அந்த மெப்."

பத்து வருடம் நஸ்மியா நகரத்துக்குள், நீலத்துக்குள், வாடகைக்கு இருந்தாள். காக்காவும் தேர்தல் நாட்களைத் தவிர நிம்மதியாக இருந்தார். பிறகு ஒரு நாள் அவள் கடிதத்தில் கேட்டாள். இங்கே பூட்டிக் கிடக்கிற வீட்டை விற்றுவிட்டு அங்கே ஒரு வீடு வாங்கப்போகிறார்களாம். வீடு அவள் பெயரில். வாப்பா அவளுக்காகக் கையெழுத்து வைக்க அற்றோர்னித் தத்துவமும் அனுப்பியிருந்தாள். அந்தக் கடிதத்தைக் காக்கா சுவரில் ஒட்டியிருந்த ஜோர்ஜியாவுக்குக் கீழே வைத்துக்கொண்டு, புது வீட்டின் விலாசத்தைத் தேடினார்.

மூன்றாம் வளையம்.

என்னைக் கூப்பிட்டார். விரல் அந்த இடத்திலேயே இருந்தது.

"பாருங்க தம்பி. சுத்திவரச் சிவப்பு. நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

இரண்டு மாதம் அவர் வைக்கவில்லை. கடையில் யாரோடும் கதைப்பதும் குறைந்தது. அடையாள அட்டையைக் கொடுத்தால் சத்தமில்லாமல் கொப்பி அடித்துக் கொடுத்தார். ஆட்கள் பயந்துபோனார்கள். ஒருவர் என்னிடம் வந்து, "காக்காவுக்கு என்னயும் வருத்தமா? எனக்கு ஒரு வளையமும் சொல்லல்லியே" என்று கேட்டார்.

கடைசியில் நஸ்மியா என்னைப் போனில் அழைத்து, "சாச்சா, வாப்பாவோட நான் கதைக்கக்குள்ள நீங்களும் பக்கத்துல இருங்க" என்றாள். ஒரு சனிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு கடையில் நாங்கள் மூன்று பேர்: காக்கா, நான், மேசையில் சத்தமாக்கி வைத்த போன்.

"அந்த இடம் வேணா மகள். முக்காட்டோட அங்க நடக்க ஏலுமா?"

"நடக்கிறன்தானே வாப்பா. ரெண்டு வருசமா எண்ட வேலை அங்கதான்."

காக்கா என்னைப் பார்த்தார். இது அவருக்குத் தெரியாது. மெப்பைப் பார்த்து வாப்பா கவலைப்படுவார் என்று அவள் இரண்டு வருடமாக மறைத்திருக்கிறாள்.

"ஒத்தரும் ஒண்டும் சொல்லல்லியா?"

"ஒரு நாள் ஒரு மனிசன் கடையில ஏசினான். இன்னொரு நாள் எண்ட கார் நிண்டு போச்சி, மழைக்குள்ள ரெண்டு பேர் தள்ளி உட்டாங்க. அவங்க என்ன நிறமெண்டு நான் கேக்கல்ல வாப்பா."

காக்கா விடவில்லை. கவுன்ட்டியை விடச் சிறிய கூறு ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் எல்லை கீறிய படம். அதையும் தேடி எடுத்து வைத்திருந்தார். புது வீடு இருக்கும் கூறு ஏறத்தாழப் பாதிச் சிவப்பு, பாதி நீலம். அது அவரை ஆறுதல்படுத்தவில்லை, இன்னும் பயப்படுத்தியது. எங்கள் பக்கத்தில் பாதிப் பாதி என்றால் சண்டைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று அர்த்தம்.

"சரி, நீல ஆக்கள் எந்த ஒழுங்கை? அந்த ஒழுங்கையில ஊடு பாக்க ஏலாதா?"

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அப்பிடி ஒழுங்கை பிரிச்சி இருக்கிறல்ல வாப்பா. எண்ட வேலையில ஒரு பொம்புள, அவ நீலம், அவட புருசன் சிவப்பு."

"ஒரு ஊட்டுக்குள்ளயா?"

"ஒரு ஊட்டுக்குள்ள."

"சமைக்கிற ஆரு?" என்றார் காக்கா. சத்தியமாக இதைத்தான் கேட்டார். அவருக்குத் தலை சுற்றிவிட்டது. மாமி ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம் நின்றாலே மூன்று வருடம் முகம் பார்க்காத ஊர் இது.

"வளவுக்கு மதில் இரிக்கா, வேலியா?"

"ரெண்டுமில்ல வாப்பா. முன்னால புல்லு மட்டும்தான். எல்லா ஊட்டுப் புல்லும் ஒண்டாக் கிடக்கு."

"வேலி இல்லாத வளவா! மகள், மதிலுக்கு நான் அனுப்புறன்."

"முன்னுக்கு மதில் கட்ட உடமாட்டாங்க வாப்பா. அதுக்கு விதி இரிக்கி."

காக்கா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். சிவப்பைக்கூட அவர் தாங்கியிருப்பார், இதைத் தாங்க முடியவில்லை. "நம்மட ஆக்களில்ல, வேலியில்ல, பக்கத்து ஊட்டுல ஆரெண்டு தெரியா. எத நம்பி உன்ன நான் அங்க உடுற?" என்றார். குரல் உயர்ந்திருந்தது. வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நஸ்மியா குரலை உயர்த்தவில்லை. மிக மெதுவாகக் கேட்டாள்.

"வாப்பா, ராத்தாட ஊட்டச் சுத்தி எல்லாரும் நம்மட ஆக்கள்தானே இருந்த?"

இருபது வருடத்தில் மூத்தவளின் அந்த வீட்டைப் பற்றி யாரும் அவரிடம் கதைத்ததில்லை. நான் போனை எடுத்து அணைத்துவிடலாமா என்று யோசித்தேன். கை வரவில்லை. காக்கா மேசையில் இருந்த தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். திரும்பக் கலைத்து, திரும்ப அடுக்கினார். போனில் மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"கடல் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"கார்ல நாலு மணித்தியாலம் வாப்பா."

"நல்லம்" என்றார். அடுக்கிய தாள்களை ஓரமாகத் தள்ளிவைத்து, "நீ பாத்த ஊடு மகள். நீ சரியாத்தான் பாத்திருப்பாய்" என்றார்.

மறு வாரம் நொத்தாரிசிடம் போய்க் கையெழுத்து வைத்தார். நானும் சாட்சிக்குப் போனேன். வீட்டு உறுதிப் பத்திரத்தின் கொப்பிகளை அவரே புதுத் தாளில் அடித்துக்கொண்டு வந்திருந்தார். உயர்ந்த அத்திவாரத்து வீட்டின் சாவியை வாங்கியவரிடம் கொடுக்கும்போது, பின்பக்கக் கதவு மழைக்கு இறுகும், கொஞ்சம் தூக்கித் திறக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோன அன்று எங்களுக்கு மாலை, அவர்களுக்குக் காலை. ராத்தாவும் அன்று கடைக்கு வந்திருந்தார். படத்தோடு கதைக்கிற அழைப்பு. நஸ்மியா போனைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள்.

"குசினியக் காட்டு மகள்" என்றார் ராத்தா. காட்டினாள். "இந்த அடுப்புல எப்பிடிப் புட்டு அவிக்கிற?" என்று அவர் கவலைப்பட்டார். மருமகன் பின்னால் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

"வெளிய போ மகள்" என்றார் காக்கா. "பக்கத்து ஊட்டக் காட்டு."

அவள் முன்வாசலுக்கு வந்தாள். சொன்னது போலவே வேலி இல்லை. புல் ஓடிக்கொண்டே போய் அடுத்த வீட்டில் ஏறியது. அங்கே புல்லில் ஒரு பலகை நட்டிருந்தது. போன தேர்தலுக்கு வைத்து எடுக்காமல் விட்டது போல. சிவப்பு. காக்காவுக்கு அதில் இருந்த பெயரை வாசிக்கத் தேவையிருக்கவில்லை. பத்து வருடமாக அவர் தீட்டிய நிறம் அது. பலகைக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு வயதான வெள்ளைக்கார மனிதர் புல் வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தார். நஸ்மியாவைக் கண்டதும் மெஷினை நிறுத்தினார். அவள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி, போனை அவர் பக்கம் திருப்பினாள். சின்னக் கண்ணாடிக்குள்ளிருந்து அந்த முகம் எங்களைப் பார்த்தது.

எங்கள் ஊரில் மகளைப் புது வீட்டில் குடிவைக்கிற வாப்பா அன்றைக்கே அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவார். காக்கா கதிரையை விட்டு எழும்பினார். சாரனை அவிழ்த்துச் சரியாகக் கட்டினார். மேசை லாச்சியில் இருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். போனுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று ஸலாம் சொன்னார். பிறகு, அவருக்கு ஆங்கிலம் வரும், கடை முழுக்க ஆங்கிலப் பத்திரங்கள்தான், ஆனாலும் தமிழிலேதான் சொன்னார்.

"நான் இவட வாப்பா. எண்ட புள்ளயக் கொஞ்சம் பாத்துக்கங்க."

அந்த மனிதர் ஒரு நிமிடம் விளங்காமல் பார்த்தார். பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு தலையசைத்தார். நஸ்மியா அதை மொழிபெயர்க்கவில்லை, அவளால் முடியவில்லை.

காக்கா சொன்னது அவருக்கு விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. அன்று மஃரிபுத் தொழுகையில் எனக்கென்று எதையும் கேட்காமல், அது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும் என்று மட்டும் அல்லாஹ்விடம் கேட்டேன்.